டீடாக்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் எனக்கு நர்ஸ் வேலை. கையில் பிசிறு கிழித்தவர், கண்ணில் தூள் விழுந்தவர், நைட் ஷிப்ட் முடியும் நேரத்தில் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை கேட்பவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கொஞ்ச காலமாக இன்னொரு வகையினரும் வருகிறார்கள். அடியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனை நீட்டுவார்கள். "சிஸ்டர், இதைக் குடிக்கலாமா?"

திரையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வரிசையாக ஜூஸ் பாட்டில்கள் இருக்கும். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று பேக்கேஜ். கல்லீரல் சுத்தமாகும், ரத்தம் சுத்தமாகும், முகம் பளபளக்கும். பெங்களூரு நமக்குக் கூப்பிடு தூரம். அங்கே எது ஃபேஷனோ அது அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி வந்து சேர அதிக நாள் ஆவதில்லை.

கேட்கிறவர்களில் பெரும்பாலோர் வருடாந்தர மெடிக்கல் செக்கப் முடித்தவர்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி ஆளைத் தூங்க விடாது. கல்லீரலைக் கடாய் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். மேலே கொழுப்பு படிந்திருக்கிறது, எதையாவது ஊற்றித் தேய்த்தால் போய்விடும் என்று. படிந்திருப்பது மேலே இல்லை, கல்லீரலின் செல்களுக்குள்ளே. உடம்பு எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அந்தக் கொழுப்பும் வீக்கமும் நன்றாகக் குறையும் என்பதைத்தான் கல்லீரல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எண்பது கிலோ ஆளுக்கு ஆறு, எட்டு கிலோ. மாதக்கணக்கில் ஆகிற வேலை அது. ஐந்து நாள் பாட்டிலில் முடியாது.

சுத்தம் செய்கிற வேலையை உடம்பு நம்மைக் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறது. குடித்த சாராயம், விழுங்கிய மாத்திரை, புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியா எல்லாவற்றையும் கல்லீரல் உருமாற்றி வெளியேற்றத் தோதாக்கிக் கொடுக்கிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்பிவிட்டு மிச்சத்தை ரத்தத்துக்கே திருப்புகிறது. இந்த வேலையை ஒரு பீட்ரூட் ஜூஸ் வேகப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 2009இல் இங்கிலாந்தில் 'சென்ஸ் அபவுட் சயின்ஸ்' என்ற அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள் டீடாக்ஸ் என்று விற்ற 15 பொருட்களை எடுத்துக்கொண்டு, தயாரித்தவர்களிடமே விசாரித்தார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்லவோ, சொன்னதற்கு ஆதாரம் காட்டவோ ஒருவராலும் முடியவில்லை. 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இந்த விஷயத்தில் வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் அலசிவிட்டு, விற்பனைக்கு இருக்கும் டீடாக்ஸ் உணவுமுறை ஒன்றைக்கூட மனிதர்களிடம் முறைப்படி ஒப்பிட்டுச் சோதித்ததில்லை என்று எழுதினார்கள்.

இதையெல்லாம் சொல்லி "வேண்டாம்" என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். போய் ஆர்டர் போட்டுவிடுவார்கள். வேண்டாம் என்பது ஒரு பதிலே இல்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. கெடுதல் செய்யாத ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் நான் செய்து பார்க்க வேண்டும். எனக்கும் ட்ரைகிளிசரைடு கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. பி ஷிப்டில் சாயங்காலம் பஜ்ஜி, பப்ஸ், இரவு பதினொன்றரைக்கு வீட்டில் மிச்ச சோறு என்று வருடக்கணக்கில் போனால் வேறென்ன ஆகும்?

அதற்கு முன் ஜூஸ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். "பழம்தானே சிஸ்டர், காய்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்காக. இரும்பன்புளி என்று மலையாளிகள் சொல்லும் புளிப்புக்காய் ஒன்று உண்டு. மீன் குழம்பில் இரண்டு போடுவார்கள், ஒன்றும் ஆகாது. கொழுப்பு கரையும் என்று நம்பி அதையே சாறாகப் பிழிந்து குடித்தவர்களில் பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததை, கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளைச் சேர்ந்த மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். காரணம் ஆக்ஸலேட். காயாகத் தின்றால் இரண்டுக்கு மேல் வாயில் வைக்க முடியாது. சாறாக்கினால் ஒரு டம்ளருக்குள் ஒரு கூடை போய்விடும். பச்சைக் கீரையை மிக்சியில் அடித்துத் தினமும் குடித்து இதே சிக்கலில் மாட்டியவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. சுரைக்காய்ச் சாறு இன்னும் மோசம். 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தே போனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் குழு அமைத்து விசாரித்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. சுரைக்காயைக் கூட்டு வைக்கிறவள் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துக் கசந்தால் தூக்கி எறிந்துவிடுவாள். இஞ்சி, எலுமிச்சை போட்டு அடித்த பச்சைச் சாற்றில் கசப்பு தெரிந்தாலும், மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுகிறார்கள்.

இயற்கை மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. பெங்களூருவில் தும்கூர் சாலையில் பெரிய இயற்கை மருத்துவ நிலையம் இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கெல்லாம் உபவாசம் இருந்தாலும் சாறு குடித்தாலும், படித்த மருத்துவர் ஒருவர் நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, போதும் என்று நிறுத்துவார். தனியாக ரூம் எடுத்துத் தங்கி, நைட் ஷிப்டில் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிற பையனை யார் நிறுத்துவது?

நான் எடுத்துக்கொண்ட விதி மிகச் சாதாரணம். பாக்கெட்டில் வருவது எதுவும் இல்லை. சர்க்கரை, மைதா, எண்ணெயில் பொரித்தது, ஊறுகாய், அப்பளம் இல்லை. தானியம், பயறு, காய், கீரை, பழம், வேர்க்கடலை, மோர், முட்டை, இவை வயிறு நிறைய. பட்டினி இல்லை, அளவு பார்ப்பதில்லை, சாறு இல்லை. ஒரு வாரத்துக்குள் முடித்துக்கொள்வது என்று திட்டம். மார்கழியைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. அவரைக்காய் சீசன் ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான். நான் இருக்கும் மத்திகிரியில் மார்கழிக் காலையில் ஸ்வெட்டர் போடாமல் வாசல் தெளிக்க முடியாது. அந்தக் குளிரில் ஃபிரிட்ஜில் வைத்த வெள்ளரி ஜூஸைக் குடிக்கச் சொல்கிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மத்திகிரி கூட்டு ரோட்டில் இறங்கினால் சாக்கு விரித்து அவரைக்காயைக் குவித்திருப்பார்கள். பக்கத்தில் தண்டுக்கீரை, அரைக்கீரை, சோயிக்கீரை. சோயிக்கீரையைப் பாதிப் பேர் சப்சிகே என்றுதான் கேட்பார்கள். இங்கே பேரம் கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கில் நடந்து தமிழில் முடியும். கேழ்வரகு வீட்டிலேயே இருந்தது. என் மாமியாருக்குத் தளிப் பக்கம் பிறந்த வீடு. அங்கிருந்து வருஷா வருஷம் மூட்டை வந்துவிடும். சாமை மட்டும் தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து வருகிற ஒருவரிடம் வாங்கினேன். பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற பாக்கெட் சாமையை வாங்காதீர்கள். தவிடு முழுக்கத் தீட்டிவிட்ட சாமைக்கும் ரேஷன் அரிசிக்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை.

"இதுக்குப் பேரு டயட்டா?" என்றார் மாமியார். "நான் கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்டுல தினமும் இதுதான். அரிசிச் சோறு பண்டிகைக்குத்தான்."

களியை அவர்தான் கிண்டினார். எனக்குச் சரியாக வராது. ஒரு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவிட்டு, தளதளவென்று கொதிக்கும்போது கேழ்வரகு மாவை நடுவில் மேடாகக் கொட்டினார். துடுப்பின் காம்பால் அந்த மேட்டின் நடுவே ஒரு குழி. அப்புறம் தொடவே இல்லை. குழி வழியாகக் கஞ்சி மேலே வந்து மாவை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிண்டினால் கட்டி தட்டி உள்ளே பச்சை மாவு நின்றுவிடும். வாசனை மாறியதும் பாத்திரத்தை இறக்கி, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் துணி வைத்து இறுக்கிக்கொண்டு, உடம்பின் பாரம் முழுக்கத் துடுப்பில் இறங்குகிற மாதிரி கிண்டினார். எழுபது வயசுக்கு அந்தக் கையில் அவ்வளவு பலம். நனைத்த தட்டில், நனைத்த கையால் உருட்டி எடுத்தால் பளபளவென்று ஒரு உருண்டை.

தொட்டுக்கொள்ள உப்புச்சாறு. துவரம்பருப்பும் கீரையும் ஒன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துக்கொள்ள வேண்டும். மிளகாய், பூண்டு, சீரகம், துளி புளி அரைத்து அந்தத் தண்ணீரில் கரைத்துச் சுடவைத்தால் சாறு. வடித்த கீரையையும் பருப்பையும் வெங்காயம் போட்டுத் தாளித்தால் பொரியல். ஒரே வேக்காட்டில் இரண்டும் முடிந்துவிடும், எண்ணெய் ஒரு ஸ்பூன்கூடச் செலவாகாது. மறுநாள் பிதுக்கிய அவரைப்பருப்புக் குழம்பு. ராத்திரியே ஊறவைத்து, காலையில் டிவி பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கினோம். அந்த வேலை ஒன்றுக்காகவே வேறு எதையும் நொறுக்கக் கை ஒழியவில்லை.

கேழ்வரகைப் பற்றி ஒரு விஷயம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் நாலு மடங்கு. பக்கத்து தருமபுரியில் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் "ராகி சாப்பிட்டா சுகர் ஏறாது" என்று சொல்லிக்கொண்டு மூன்று உருண்டை முழுங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். கேழ்வரகிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சுகர் ஏறத்தான் செய்யும். ஒரு உருண்டை, அதற்கு இரண்டு மடங்கு கீரையும் பயறும் என்று வைத்துக்கொண்டால் களி நல்ல சாப்பாடு.

சாப்பாட்டில் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. கஷ்டம் டீயில் வந்தது.

எழுந்ததும் ஒரு டீ, கம்பெனி பஸ் இறங்கியதும் ஒன்று, ஷிப்டில் இரண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒன்று. கேன்டீன் டீயில் சர்க்கரை முதலிலேயே போட்டுக் கொதித்திருக்கும். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றாலும் எட்டு, பத்து கிராம். ஐந்து டீக்கு நாற்பது, ஐம்பது கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. லட்டு, மைசூர்பாகு எதையும் தொடாமலே அதைப்போல இரண்டு மடங்கு டீயிலேயே ஏறியிருக்கிறது. என் உணவில் இத்தனை நாள் நச்சு என்று ஏதாவது இருந்தது என்றால், அது இந்த டம்ளருக்குள்தான் இருந்தது.

நான் டீயை ஒரேயடியாக நிறுத்தவில்லை. முந்தின வாரமே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். அப்படியும் இரண்டாம் நாள் மத்தியானம் நெற்றிப்பொட்டில் தெறித்தது. காஃபீன் நின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், ஓரிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். ஜூஸ் விற்கிறவர்கள் இதே தலைவலியைக் காட்டி, "பார்த்தீங்களா, விஷம் வெளியே வருது" என்கிறார்கள். கஷ்டப்படுகிறவனும் நம்பிவிடுகிறான். அரை டம்ளர் டீ குடித்தால் போய்விடும் விஷம் அது. நான் அரை டம்ளர், சர்க்கரை இல்லாமல் குடித்தேன். போய்விட்டது. இன்னொன்று: சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம் என்று 2024இல் வந்த தேசிய உணவு வழிகாட்டியும் சொல்கிறது. டீயில் இருக்கும் டானின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. எங்கள் அசெம்பிளி லைனில் பாதிப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டாது. டிபன்பாக்ஸை மூடியதும் டீ வரிசையில் நிற்பதும் அவர்கள்தான்.

பலன் என்னவென்று கேட்பீர்கள். எடை முதல் சில நாளில் சரசரவென்று இறங்கியது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்படவில்லை. உடம்பில் சேமிப்பாக அரைக் கிலோ போலக் கிளைக்கோஜன் இருக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு மாறி அது கொஞ்சம் செலவானதும் தண்ணீரும் போகும். உப்பு குறைந்தால் இன்னும் கொஞ்சம் போகும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய வேகத்தில் அந்த எடையும் திரும்பி வரும். பாட்டில் விற்பவர்களின் 'முன்னால், பின்னால்' போட்டோவில் பாதி இந்தத் தண்ணீர்தான்.

நிஜமாகத் தெரிந்தது வேறு. இரவில் நெஞ்சு கரிக்கவில்லை. காலைக்கடன் சிரமமில்லாமல் முடிந்தது. நாலு மணிக்கு வருகிற அந்தக் கைநடுக்கப் பசி வரவில்லை. இதற்கெல்லாம் நார்ச்சத்தும் நேரத்துக்குச் சாப்பிட்டதும் பொரித்ததை விட்டதும் போதுமான காரணங்கள். வாயுத் தொல்லையும் இருந்தது, அதை மறைப்பானேன். கொள்ளும் அவரையும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்கார வேண்டும். பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் பாதி அடங்கும். பழக்கமில்லாத வயிறு என்றால் ஒரு கரண்டியில் ஆரம்பித்து ஏற்றுங்கள். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும்.

வீட்டில் யாரையும் நான் கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் ராத்திரி பரோட்டா வாங்கி வந்து எதிரிலேயே உட்கார்ந்து பிய்த்துச் சாப்பிட்டார். வாசனை வந்தது, என்ன செய்ய?

என்னிடம் கேட்டு வருகிற சிலரை மட்டும் நான் இதற்கும் விடுவதில்லை. சுகருக்கு இன்சுலின் போடுகிறவர், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தால் சுகர் இறங்கி மெஷின் முன்னாலேயே மயங்கலாம். டாக்டரிடம் கேட்டு மாத்திரை அளவைச் சரிசெய்யாமல் கூடாது. கிரியாட்டினின் ஏறியவர்களுக்குக் கீரை, வாழைப்பழம், இளநீர் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான். அவற்றில் இருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் தடுமாறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். வால்வு ஆபரேஷன் செய்து வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் நல்ல சாப்பாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம், எதையும் குறைத்துப் பரிசோதனை செய்ய வேண்டாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது, நைட் ஷிப்ட் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், காலை ஷிப்டான ஏ ஷிப்ட் வாரத்தில் ஆரம்பியுங்கள். தூக்கம் கெட்ட உடம்பு இனிப்பும் எண்ணெயும் கேட்டுக்கொண்டே இருக்கும், அதோடு மல்லுக்கட்டிச் சீக்கிரம் தோற்றுவிடுவீர்கள்.

ரூமில் தங்கியிருக்கும் பையன்கள், "களி கிண்ட எங்களுக்கு யாரு இருக்கா சிஸ்டர்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. அதில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர், களி என்றாலே முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குக் களி எதற்கு? ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை, வெங்காயம் தக்காளி நறுக்கிப் போட்டு. குக்கரில் பருப்போடு ஒரு கட்டுக் கீரை. இரண்டு வேகவைத்த முட்டை. 'சத்து' என்று ஒரு மாவு அவர்கள் ஊரிலேயே இருக்கிறது, வறுத்த கடலையை அரைத்தது, தண்ணீரில் கரைத்து உப்பும் எலுமிச்சையும் போட்டால் காலைச் சாப்பாடு முடிந்தது. ஓசூர்ச் சந்தையில் கொய்யா மலிவாக வரும் காலத்தில் ஜூஸ் பேக்கேஜ் விலைக்கு ஒரு ரூமே மாசம் முழுக்கப் பழம் தின்னலாம்.

என் ஒரு வாரம் முடிந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. பஜ்ஜி திரும்பி வந்துவிட்டது, தினமும் இல்லை. சர்க்கரை போட்ட டீ வரவில்லை. நாக்கு மாறிவிட்டது, கேன்டீன் டீ இப்போது பாயசமாக இனிக்கிறது.

கேன்டீன் கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். சர்க்கரை இல்லாத டீ தனி கேனில், பி ஷிப்டுக்குப் பஜ்ஜிக்குப் பதில் வாரத்தில் சில நாள் சுண்டல். டீக்கு உடனே சரி என்றார்கள், அவர்களுக்கும் சர்க்கரை மிச்சம். சுண்டல் என்றதும் கான்ட்ராக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "பஜ்ஜியை நிறுத்தினா பசங்க சண்டைக்கு வருவாங்க சிஸ்டர். வேணும்னா ரெண்டும் போடுறேன்." இப்போது இரண்டும் இருக்கிறது. பஜ்ஜித் தட்டு முதலில் காலியாகிறது. சுண்டலும் மிச்சமாவதில்லை. ஆறரை மணிக்கு மேல் போனால் எனக்கே கிடைப்பதில்லை.